புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொல்லுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை மஞ்சக்குப்பத்தில் என்னைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, மகளை முன்னால் போகச் சொல்லிவிட்டு வாசற்படியில் நின்று ஒன்று கேட்டீர்கள். "ராத்திரி பதினொன்றரை வரைக்கும் படிக்குது சார். ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா ஒண்ணுமே நிக்கல. மூளையில ஏதாவது கோளாறா இருக்குமோ?" அடுத்த பெற்றோர் காத்திருந்ததால் "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வரி பதில் போதாது என்று எனக்கே மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், மகளையும் படிக்கச் சொல்லுங்கள்.

அன்று நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் பிளஸ் 1 விலங்கியல் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தாள். கழிவு நீக்கம் பாடத்தைத் திறந்து காட்டினாள். பக்கம் முழுக்க மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு ஹைலைட்டர். வண்ணம் படாத வரியைத் தேடத்தான் வேண்டியிருந்தது. "இதை எத்தனை முறை படித்திருப்பாய்?" என்றேன். "ஆறு ஏழு தடவை சார்" என்றாள். புத்தகத்தை வாங்கி மூடி என் பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "நெஃப்ரானைப் பற்றித் தெரிந்ததை எழுது, படமும் போடு" என்றேன். சிறுநீரகத்துக்குள் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அமைப்புதான் நெஃப்ரான்.

மூன்று நிமிடம் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கிவிட்டது. "தெரியும் சார், ஆனா வரமாட்டேங்குது" என்றாள். அவசரமில்லை, வருவதை மட்டும் எழுது என்றேன். நெஃப்ரானின் பாகங்களில் முதலில் பௌமானின் கிண்ணம் வந்தது. பிறகு கிளாமருலஸ். சிறிது நேரம் கழித்து, ஊசிக் கொண்டை மாதிரி ஒரு வளைவைப் போட்டுவிட்டு, "இதுக்குப் பேர் ஹென்லே" என்று அவளாகவே சொன்னாள். கால் மணி நேரத்தில் ஏழு வரியும் பாதிப் படமும் தேறியது. அப்புறம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, விட்டதைச் சிவப்பு மையில் எழுதச் சொன்னேன். அந்தப் பத்து நிமிடம் அவள் படித்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எது தனக்குத் தெரியவில்லை என்று தெரிந்துகொண்டு தேடுகிறவள் படிக்கும் படிப்பு அது.

கோளாறு மூளையில் இல்லை. ஏழு தடவை உள்ளே போட்டிருக்கிறாள், ஒரு தடவைகூட வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ சிரித்துக்கொண்டே வருவார்கள். நமக்கும் முகம் தெரியும், பெயர்தான் வராது. புத்தகம் திறந்திருக்கும்போது உங்கள் மகளுக்குக் கிடைப்பது அந்த முகம் தெரிகிற அளவு பழக்கம்தான். "இது படிச்சதுதான்" என்று அவள் நம்புவதில் பொய் இல்லை. ஆனால் பரீட்சையில் கேட்பது பெயரை.

இது என் அனுபவம் மட்டுமில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் செய்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதை இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து வைத்தபோது கணக்கு தலைகீழானது. இரண்டு முறை படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான் மிஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. படித்து முடித்த அந்த நிமிடம் எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும், அடுத்த வாரம் காணாமல் போவதும் ஏன் என்று இந்த நான்கு எண்களே சொல்லிவிடும். உங்கள் மகளுக்கு நடப்பதும் இதுதான்.

நம் பள்ளிகளில் ஸ்லிப் டெஸ்ட் என்று ஒன்று வைக்கிறார்களே, பிள்ளைகள் எல்லோரும் முகம் சுளிப்பார்களே, படித்தது மனதில் நிற்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. அதில் வாங்கும் மார்க் முக்கியமில்லை. நினைவிலிருந்து இழுத்து எடுக்கும் அந்தச் சிரமம்தான் முக்கியம். ஆசிரியர் வைக்கட்டும் என்று காத்திருக்காமல் அவளே தனக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளியில் இன்று நடந்த பாடத்தை மாலையில் எடுத்து ஒரு முறை கவனமாகப் படிக்கட்டும். மூடட்டும். வெள்ளைத்தாளில் எழுதட்டும். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பில் நிரப்பட்டும். ஹைலைட்டர் மூன்றையும் உள்ளே வைத்துவிடச் சொல்லுங்கள். வண்ணம் பூசுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் அதிகம் பயன் தராத வழிகள் என்று, பல படிப்பு முறைகளை அலசிய 2013-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை ஒன்று தரம் பிரித்திருக்கிறது. அதே கட்டுரை முதல் வரிசையில் வைத்தவை இரண்டு. தன்னைத் தானே சோதித்துக்கொள்வது ஒன்று. இடைவெளி விட்டுப் படிப்பது மற்றொன்று.

இந்த இடைவெளி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் வீடுகளில் அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். ஜெர்மனியில் எபிங்காஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து 1885-ல் எழுதிவைத்தார். மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பது அவருடைய அளவுகோல். ஒரு மணி நேரம் கழித்து மிச்சமானது பாதிக்கும் குறைவு. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அதன் பிறகு மெல்லத்தான் குறைகிறது. உங்கள் மகளுக்கு மட்டும் மறக்கவில்லை அம்மா, மனிதருக்கு மறதி இப்படித்தான் வேலை செய்கிறது.

சரி, அதற்கு என்ன செய்வது? கொஞ்சம் மறக்க விட்டு, முழுக்க மறப்பதற்குள் திரும்ப எடுப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரே பாடத்தில் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட, அதே ஐந்து மணி நேரத்தை நாலைந்து நாளாகப் பிரித்து உட்கார்ந்தால் நினைவில் நிற்கும் காலம் நீளும். இடைவெளி எவ்வளவு என்பது பரீட்சை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2008-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், ஒரு வாரம் கழித்துத் தேர்வு என்றால் ஒரு நாள் இடைவெளியும், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து என்றால் மூன்று வார இடைவெளியும் நன்றாக வேலை செய்தன. மருத்துவப் படிப்புக்காக அவள் எழுதப்போகும் நீட் தேர்வில் பிளஸ் 1 பாடமும் வரும். போன வருடம் படித்தது அடுத்த மே மாதம் தேவைப்படும். அதனால் பழைய பாடங்களை மாதத்துக்கு ஒரு முறையாவது வெள்ளைத்தாளில் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். புதுப் பாடத்துக்கு அதே நாள், மறுநாள், நாலாவது நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் முன்னே பின்னே ஆனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

இதைத் தேதி குறித்து வைத்துக்கொண்டு திண்டாட வேண்டாம். ஒரு செருப்புப் பெட்டி போதும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் பரப்பிய முறை இது. வீட்டில் கிடக்கும் பழைய நோட்டு அட்டைகளைச் சீட்டுகளாக வெட்டி, முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் எழுத வேண்டும். பெட்டிக்குள் அட்டை வைத்து ஐந்து அறையாகத் தடுக்க வேண்டும். புதுச் சீட்டெல்லாம் முதல் அறையில், அதைத் தினமும் எடுக்க வேண்டும். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த அறைக்குப் போகும். பின்னால் போகப் போக எடுக்கும் நாள் தள்ளிப்போகும். தப்பாகச் சொன்னது எந்த அறையில் இருந்தாலும் மறுபடி முதல் அறைக்கு வந்துவிட வேண்டும். வேதியியல் சூத்திரங்கள், அறிவியல் பெயர்கள், ஒன் வேர்டு கேள்விகள் எல்லாவற்றுக்கும் இது நன்றாகப் பொருந்தும். ஒரு எச்சரிக்கை மட்டும்: சீட்டை அவளே தன் கையால் எழுத வேண்டும். கடையில் அச்சடித்து விற்பதை வாங்கிக் கொடுத்தால் பாதிப் பலன் போய்விடும் என்பது நான் பார்த்த வரைக்கும் உண்மை.

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நம் ஊரில் மழை லீவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று நாள் தொடர்ந்து பள்ளி இல்லை என்றால் பிள்ளைகள் புதுப் பாடத்தில் முன்னால் ஓடப் பார்ப்பார்கள். அந்த நாட்களைப் பின்னறைச் சீட்டுகளுக்கும் பழைய பாடங்களுக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள்.

இயற்பியல், கணக்குப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே மாதிரிக் கணக்கு இருபதை வரிசையாகப் போட்டால் மூன்றாவது கணக்கிலிருந்து கை தானாகப் போடும், மூளை தூங்கிவிடும். மூன்று பாடத்துக் கணக்குகளைக் கலந்து போடட்டும். எந்தச் சூத்திரம் இங்கே வரும் என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கும். முதலில் தப்பு அதிகம் வரும், பயப்படாதீர்கள்.

இப்போது உங்களுக்கு வருகிறேன். "நான் எட்டாவதோட நின்னவ சார், அதுக்கு நான் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்" என்றீர்கள். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள். பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாகவே உள்வாங்கினாலும் கால் பங்கு அறிவுதான் கிடைக்கும். கூடப் படிப்பவர்களோடு பயின்றால் இன்னொரு கால். மிச்சம் பாதியும் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் கைவரும். முன்னெல்லாம் புத்தகத்தைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள் அல்லவா, அதை மறுபடி ஆரம்பியுங்கள். ஒரே ஒரு மாற்றம். புத்தகத்து வரி அப்படியே வர வேண்டியதில்லை, உங்களுக்குப் புரிகிற மாதிரி அவள் சொல்ல வேண்டும்.

நீங்கள் சாயங்காலம் கடைக்கு மாவு ஆட்டும் நேரத்தில் பக்கத்தில் உட்காரவைத்துச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு அது சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது என்று சொல்வாள். 15 லிட்டர் குடத்தில் பன்னிரண்டு குடம். வெளியே போவதோ ஒன்றரை லிட்டர்தான். "அப்போ மிச்சத் தண்ணி எங்கடி போகுது?" என்று நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள், யாராக இருந்தாலும் கேட்பார்கள். அதற்கு அவள் பதில் தேடும்போது, நெஃப்ரானில் கிண்ணத்தை அடுத்து வரும் அண்மைச் சுருண்ட நுண்குழலில் ஆரம்பித்து, எங்கே எவ்வளவு தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்புகிறது என்று வரிசையாகச் சொல்ல வேண்டி வரும். சொல்ல முடியாமல் எங்கே தடுமாறுகிறாளோ அதுதான் அன்று அவள் திரும்பப் படிக்க வேண்டிய பக்கம். எட்டாவது படித்த உங்கள் கேள்விக்கு அந்த மதிப்பு உண்டு. தெரிந்துகொண்டே கேட்கிறவர் முன்னால் பிள்ளைகள் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

அப்புறம் தூக்கம். அன்றன்று படித்ததை மூளை கெட்டிப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பதினொன்றரை வரை விழித்துவிட்டு, நீங்கள் கடைக்கு எழும் நாலரை மணிக்கே அவளும் எழுந்தால் ஐந்து மணி நேரம்தான் ஆகிறது. பதினேழு வயதுக்கு எட்டு மணி நேரம் வேண்டும். பத்து மணிக்குப் படுக்கட்டும், ஆறு மணிக்கு எழட்டும். குறைகிற நேரத்தை நினைத்துக் கவலைப்படாதீர்கள். வாசிக்கும் நேரம்தான் குறைகிறது, எழுதிப் பார்க்கும் நேரம் இருக்கிறது. முகம் வெளிறி, படியேறினால் மூச்சு வாங்குவதாகவும் அவள் சொன்னாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். ரத்தச்சோகை இருந்தால் எந்த முறையில் படித்தாலும் கவனம் நிற்பது கஷ்டம். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, பையிலேயே வைத்திருக்கிறாளா என்றும் கேளுங்கள்.

ஞாபகசக்தி டானிக் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுங்கள், நல்ல கீரை, சாப்பிடட்டும், ஆனால் அதை நம்பி எழுதிப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. மூன்று நாளில் நினைவாற்றல் பயிற்சி என்று நோட்டீஸ் வந்ததாகச் சொன்னீர்களே, அந்தப் பணத்துக்கு ரஃப் நோட்டு வாங்குங்கள். இப்போதே அடுத்த வருடத்து ரிப்பீட்டர் கோச்சிங்குக்கு, அதாவது நீட்டை மறுபடி எழுதுகிறவர்களுக்கான பயிற்சிக்கு, முன்பணம் கட்டலாமா என்ற கேள்விக்கும் என் பதில் இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான். படிக்கும் முறை மாறாமல் இன்னொரு வருடம் உட்கார்ந்தால் இதே மறதியோடுதான் உட்காருவாள். முதலில் முறை மாறட்டும், அரையாண்டு மார்க்கைப் பார்த்துவிட்டு அந்த முடிவை எடுப்போம்.

முதல் இரண்டு வாரம் அவளுக்குக் கடுப்பாக இருக்கும். முன்பெல்லாம் ஒரு இரவில் நாற்பது பக்கம் புரட்டியவளுக்கு இப்போது எட்டுப் பக்கம்தான் நகரும். "எனக்கு எதுவுமே தெரியலம்மா" என்று அழவும் செய்யலாம். அப்போது நீங்கள் கலங்காமல் இருந்தால் போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை பாடம் முடித்தது என்ற பேச்சை மட்டும் அந்த இரண்டு வாரம் வீட்டுக்குள் விடாதீர்கள்.

அவள் அன்று எழுதிய நெஃப்ரான் தாளில் தேதி போட்டு என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அழைத்து வாருங்கள், புத்தகம் கொண்டுவர வேண்டாம். அதே கேள்விக்கு இன்னொரு வெள்ளைத்தாள் கொடுப்பேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாம் மூன்று பேரும் பார்ப்போம்.