த்ராட்டிலை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் 2012 மாடல் ஆடி டிடி காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மழை நாட்களில், பெரும்பாலும் வேகத்தடையில் ஏறி இறங்கியதும், டேஷ்போர்டில் இ.பி.சி. விளக்கு (எஞ்சின் சக்திக் கட்டுப்பாட்டில் குறை என்று சொல்லும் எச்சரிக்கை விளக்கு) எரிகிறது, கார் இழுக்க மறுக்கிறது. ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி மீண்டும் கிளப்பினால் சரியாகிவிடுகிறது. ஸ்கேன் செய்தபோது பி2135 என்ற பிழைக் குறியீடு (கோடு) வந்தது. சர்வீஸ் சென்டரில் த்ராட்டில் பாடியையும் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) எஞ்சின் கம்ப்யூட்டரையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். புரோக்கர் ஒருவர் பழைய த்ராட்டிலை 25,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். எதைச் செய்வது? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம். மழை, வேகத்தடை என்று நீங்களே பாதி விடையை எழுதிவிட்டீர்கள். ஈரத்தில் வருவதும் குலுங்கினால் வருவதும் பெரும்பாலும் தண்ணீர் இறங்கிய கப்ளரின் (ஒயர்களை இணைக்கும் பிளக்கின்) வேலை, அல்லது நைந்த ஒயரின் வேலை.

உங்கள் காரில் ஆக்ஸிலேட்டர் பெடலிலிருந்து எஞ்சினுக்குக் கேபிள் போவதில்லை. நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதைப் பெடலில் இருக்கும் இரண்டு சென்சார்கள் கம்ப்யூட்டருக்குச் சொல்கின்றன. கம்ப்யூட்டர் ஒரு சிறு மோட்டாரை வைத்து த்ராட்டிலின் வட்டத் தட்டைத் திறக்கிறது. தட்டு எந்த அளவு திறந்தது என்று சொல்ல அங்கேயும் இரண்டு சென்சார்கள். இவை எதிரெதிராக நடப்பவை. ஒன்றில் வோல்டேஜ் ஏற ஏற மற்றதில் இறங்கும். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 5 வோல்ட் வர வேண்டும். கூட்டல் பிசகினால் எந்தச் சென்சாரை நம்புவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. உடனே சக்தியைக் குறைத்துவிடும். லிம்ப் மோடு என்பது இதுதான். தட்டு திறந்தபடி சிக்கி கார் தானாகப் பாய்வதைவிட நொண்டிக்கொண்டு போவது மேல் என்று செய்யப்பட்ட ஏற்பாடு.

பி2135 என்ற கோடுக்கு, இரண்டு சென்சார்களின் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்பது மட்டுமே பொருள். த்ராட்டில் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஆறு உலோகப் பின்கள் கொண்ட ஒரு கப்ளர் இருக்கிறது. அதிலிருந்து எஞ்சினைச் சுற்றிக்கொண்டு போகும் ஒயர்கள் இருக்கின்றன. அவற்றில் எங்கே குறை இருந்தாலும் இதே கோடுதான் வரும். நம் ஊரில் இந்த ஒயர்களுக்கு முதல் எதிரி எலி. இரவில் எஞ்சின் சூட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு, கிடைத்ததைக் கடித்துவிட்டுப் போகும்.

இரண்டு த்ராட்டில் மாற்றியும் குணமாகாத ஒரு கார் என் பட்டறைக்கு வந்தது. கப்ளருக்கு ஒரு சாண் தள்ளி, யாரோ கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் ஒயர்களின் மேலுறை நன்றாகவே இருந்தது. ஒவ்வொன்றாக இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்தேன். நான்காவது ஒயர் மட்டும் ரப்பர் போல நீண்டது. உள்ளே செம்பு இற்றுப்போய், வெறும் உறை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு முழம் புது ஒயர், கொஞ்சம் ஈயப் பற்று, அரை நாள் கூலி. அந்த உரிமையாளர் அதற்கு முன் செலவழித்த பணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கோடு இதுவல்ல. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. பிரேக் லைட் சுவிட்ச். இந்தக் கார் குடும்பத்தில் பிரேக் சுவிட்ச் கெட்டாலும் அதே இ.பி.சி. விளக்குதான் எரியும். பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் கம்ப்யூட்டர் சேர்த்தே கவனிக்கிறது. பிரேக் மிதிபடுகிறதா இல்லையா என்பதே குழப்பமானால், பெடல் சொல்வதையும் அது நம்பாது. காசு கொடுத்து ஸ்கேன் செய்யும் முன்பே இதை வீட்டில் பார்த்துவிடலாம். இருட்டிய பின் ஒருவரைக் காருக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். பிரேக்கை இருபது முறை மிதியுங்கள்: மெதுவாக, வேகமாக, பாதி மட்டும். ஒரு முறை விளக்கு எரியாமல் போனாலும், காலை எடுத்த பிறகு எரிந்துகொண்டே இருந்தாலும், சுவிட்சைச் சந்தேகியுங்கள். கியர் லீவர் பார்க்கிங்கிலிருந்து வர அடம்பிடிப்பதும், க்ரூஸ் கண்ட்ரோல் வேலை செய்யாததும் அதே சுவிட்சைத்தான் காட்டுகின்றன. த்ராட்டில் விலையோடு ஒப்பிட்டால் சுவிட்ச் விலை ஒன்றுமே இல்லை. பி0571, பி0504 என்று பிரேக் சுவிட்சைக் குறிக்கும் ஏதாவது ஒரு கோடு பட்டியலில் இருந்தால் முதலில் அதைத் தீர்க்கச் சொல்லுங்கள்.

இனி அந்தப் புரோக்கர். எந்தக் காரிலிருந்து கழற்றியது, எத்தனை ஆண்டு ஓடியது என்று தெரியாத த்ராட்டிலை 25,000 ரூபாய் கொடுத்து வாங்குவது, குறையோடு குறையைச் சேர்ப்பது. போட்ட அன்று விளக்கு எரியாது, ஏனென்றால் பிழைக் கோடை அழித்திருப்பார்கள். கப்ளரைக் கழற்றி மாட்டியதில் அதன் உலோகப் பின்களும் சற்று நன்றாகப் பிடித்திருக்கும். அடுத்த மழையில் மறுபடி நிற்பீர்கள். பழைய கம்ப்யூட்டர் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அது சாவியின் திருட்டுத் தடுப்போடு பிணைக்கப்பட்டது; முறையாக இணைக்காமல் மாட்டினால் காரே கிளம்பாது.

இவர்களைவிட எனக்குக் கோபம் வருவது ‘கோடு அழிப்பவர்கள்’ மேல்தான். ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, ஸ்கேனரை மாட்டி, அழித்து, சரியாகிவிட்டது என்று அனுப்பிவிடுவார்கள். குறை நேர்ந்த கணத்தில் எஞ்சின் எந்தச் சுற்றில் ஓடியது, என்ன வேகம், என்ன சூடு என்பதெல்லாம் கோடுடன் பதிவாகியிருக்கும். நோயைக் காட்டும் அந்தக் காகிதத்தைத்தான் அவர்கள் கிழித்துப் போடுகிறார்கள். உங்களுக்குக் காரை விற்றவரும் இதையே செய்திருக்கலாம். கார் வாங்கும்போது ஸ்கேனரில் ‘ரெடினஸ்’ பகுதியை (கார் தன்னைத்தானே செய்யும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டுவது) பார்க்கச் சொல்லுங்கள். பல சோதனைகள் முடியவில்லை என்று அது காட்டினால், அண்மையில் எதையோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று விற்பவரைக் கேளுங்கள்.

சர்வீஸ் சென்டர்களில் ஒயரைத் தேடுவதற்குப் பொறுமையும் இல்லை, அதற்குக் கூலி போடும் வழக்கமும் இல்லை. பாகத்தை மாற்று, பில் போடு, அவ்வளவுதான். வெளியில் இருக்கும் திறமையான மெக்கானிக் தேடலாம் என்றால் ஒயரிங் வரைபடம் அவர் கைக்கு எட்டுவதில்லை. உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் தங்களுக்குள் முடக்கிவைத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-ல் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022-ல் மத்திய அரசு ஓர் இணையதளமும் தொடங்கியது. என்ன பயன்? ஒரு கப்ளரில் எந்தப் பின் எதற்கு என்று தெரிந்துகொள்ள இன்றும் நான் நாலு பேருக்கு போன் போட வேண்டியிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. எல்லாக் கோடுகளையும், அவற்றுடன் பதிவான விவரங்களோடு, அழிக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைச் சோதியுங்கள், வலுவிழந்த பேட்டரி இல்லாத குறைகளையெல்லாம் காட்டும். பிறகு மெக்கானிக்கிடம், சாவியை மட்டும் போட்டு எஞ்சினைக் கிளப்பாமல், இரண்டு த்ராட்டில் சென்சார்களின் அளவையும் திரையில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பெடலை மெதுவாக மிதித்து விடுங்கள். ஓர் அளவு ஏற மற்றது சீராக இறங்க வேண்டும். அடுத்து, பெடலைத் தொடாமல், அவர் கப்ளரையும் ஒயர் கட்டையும் ஆட்டிப் பார்க்கட்டும். ஆட்டும்போது அளவு துள்ளினால் குறை ஒயரில். ஒயரை ஆட்டியும் அளவு அசையாமல், பெடலை மிதிக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் துள்ளினால், அப்போது த்ராட்டில் வாங்குங்கள், புதிதாகவே வாங்குங்கள். மாட்டிய பின் ஸ்கேனர் வழியாக ‘அடாப்டேஷன்’ செய்தே ஆக வேண்டும். தட்டின் எல்லைகளைக் கம்ப்யூட்டர் அப்போதுதான் கற்றுக்கொள்கிறது. பழையதைச் சுத்தம் செய்து மாட்டினாலும் இதைச் செய்துவிடச் சொல்லுங்கள். தட்டைத் துடைக்கும்போது விரலால் வலுக்கட்டாயமாகத் தள்ளவிடாதீர்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரம் மெல்லியது.

இதெல்லாம் முடியும் வரை ஊட்டி மலைப்பாதைக்குக் காரைக் கொண்டுபோகாதீர்கள். லாரியை முந்திக்கொண்டிருக்கும்போது இழுவை போனால், ஓரங்கட்ட அங்கே இடம் கிடையாது.