கை தவறிப் போன வாய்ஸ் மெசேஜ்

கேள்வி: நாங்கள் காசிமேடு. ஏலத்தில் மீன் எடுத்து, கூடை சுமந்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய என் மாமியார், பக்கவாதம் வந்து ஒன்றேகால் வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். வலது கை, கால் வராது, பேச்சும் இல்லை. நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் ஒரு ராத்திரி, "சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா அவங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்று அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். அது குடும்ப குரூப்புக்குப் போய்விட்டது. காலையில் நாத்தனார் வந்து அதை அத்தை காதருகே போட்டுக் காட்டிவிட்டார். அதிலிருந்து ஊட்டப்போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். குழாயடியில்கூட இதே பேச்சு. மனசாரச் சொல்லவில்லை என்று சத்தியம் செய்துவிடட்டுமா?

பதில்: சத்தியமெல்லாம் வேண்டாம்மா. அன்று ராத்திரி மனசாரத்தான் சொன்னீர்கள். விடிந்ததும் அவருக்கு ஈரத்துணி மாற்றியதும் அதே மனசுதான். படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ளும் எத்தனையோ பேருக்கு இந்த நினைப்பு வந்துபோகிறது. உங்களுடையது போனில் மாட்டிக்கொண்டது.

நாத்தனாருக்குக் கோபம் என்றால் உங்களிடம் கத்தியிருக்கலாம். நோயாளி காதில் போட்டதை என்னால் ஏற்கமுடியவில்லை. ஆனால் அந்தச் சண்டை அப்புறம்.

முதலில் அத்தை. பேச்சு போனால் புரிவதும் போய்விட்டது என்று நிறைய வீடுகளில் நினைக்கிறார்கள். சொல் வராவிட்டாலும், கேட்பது நன்றாகப் புரிகிறவர்கள் உண்டு. யாரும் இல்லாத நேரம் பார்த்து, டிவியை நிறுத்திவிட்டு, அவர் முகத்துக்கு நேரே உட்காருங்கள். சின்னச் சின்னதாக, நிதானமாகச் சொல்லுங்கள்: "அத்தை, அது நான் சொன்னதுதான். தூக்கமே இல்ல, என்னால முடியல. உங்க மேல கோவம் இல்ல. உங்கள விட்டுட்டு எங்கயும் போகல." அவ்வளவு போதும். நீங்கள் அழுது, அவர் உங்களைத் தேற்றவேண்டிய நிலைமையை உண்டாக்காதீர்கள். அவர் அழுதால் பதறாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சிலசமயம் காரணமே இல்லாமலும் அழுகை பொங்கிவரும்.

முகத்தைத் திருப்புகிறார் என்று எழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது. கோபமாக இருக்கலாம். விழுங்கச் சிரமப்படுகிறாரோ என்னவோ! தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறதா, கன்னத்துக்குள் சோறு தங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சாப்பாடு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரை போகும். படுத்தவாக்கில் ஊட்டவே கூடாது.

குரூப்பில் நீளமாக விளக்கம் எழுதாதீர்கள். அதையும் நாலு பேர் நாலு விதமாகப் படிப்பார்கள். ஒரே வரி போடுங்கள்: "நான் சொன்னது தப்புதான், முடியலங்கறது நிஜம். ஞாயித்துக்கிழமை யார் வந்து பாத்துக்கறீங்க?" ஒன்றேகால் வருஷமாக நீங்கள் கேட்காத உதவி இது. இனி யாரும் தெரியாது என்று சொல்லமுடியாது. உங்கள் வீட்டுக்காரருக்கும்தான். ராத்திரி அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பதில் பாதி அவர் பங்கு.

2021-இல் அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிக்கு வீட்டுக்கே வருகிறார்கள். பக்கத்து மாநகராட்சி சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். மனசு தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது.

நாத்தனார் அடுத்த தடவை வரும்போது கஞ்சிக் கிண்ணத்தை அவர் கையில் கொடுங்கள். ஸ்பூனை எந்தப் பக்கம் வைத்தால் அத்தைக்குச் சுலபம் என்று நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள்.