ஒன்றாம் நம்பர் சட்டைக்கு எத்தனை பேர் வரிசை?

பெங்களூரு வாசகர்களிடமிருந்து ஜெர்மன் கோல்கீப்பர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எங்கள் விளையாட்டுக் குழுவின் பதில்கள்.

என் பையனுக்கு 11 வயது. உயரமாக இருக்கிறான் என்று கோச் அவனைக் கோலியாக நிறுத்திவிட்டார். ஓடி ஆட வேண்டிய வயதில் நிற்க வைக்கிறார்களே என்று மனசு கேட்கவில்லை. ஜெர்மனியில் எப்படிச் செய்கிறார்கள்?
– ஒரு அப்பா, கௌதமபுரம்

ஜெர்மனியில் பொடிசுகளின் ஆட்டத்தில் கோலியே கிடையாது. 2024-25 சீசனிலிருந்து கட்டாயமான முறைப்படி, 7 வயதுக்கு உட்பட்டவர்கள் இரண்டு பேராகவோ மூன்று பேராகவோ நான்கு குட்டி கோல்களை வைத்து ஆடுகிறார்கள். கோலியோடு ஆடுவதெல்லாம் அதற்கு அப்புறம் படிப்படியாகத்தான். அந்தக் கணக்கில் 11 வயது சீக்கிரமில்லை. ஆனால் அவனை அங்கேயே நிரந்தரமாக நட்டு வைத்தால் தப்பு. வாரத்தில் 3 நாள் பயிற்சி என்றால் 1 நாள் கோலிப் பயிற்சி, 2 நாள் நடுக்களத்தில் ஓடட்டும் என்று கோச்சிடம் கேளுங்கள். இன்றைய கோலி கையைவிடக் காலால்தான் அதிகம் பந்தைத் தொடுகிறான்; பாஸ் கொடுக்கத் தெரியாத கோலியை 16 வயதில் எந்த டீமும் சீண்டாது.

உயரத்தை இப்போதே கணக்கில் எடுப்பது வீண். அந்த வயதில் யார் எவ்வளவு வளர்வான் என்று யாருக்குத் தெரியும்? 2023 ஜனவரியில் பேயர்ன் மியூனிக் அவசரத்துக்கு வாங்கிய சுவிஸ் கீப்பர் யான் சோமர் 183 செ.மீ.தான். அந்த சீசனில் லீக் பட்டம் பேயர்னுக்கே வந்தது.

கோச் கவனிக்க வேண்டியது கோலின் அளவு. பெரியவர்களின் கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அதில் 11 வயதுப் பையனை நிறுத்தினால் தலைக்கு மேலே தூக்கிப் போடும் பந்தெல்லாம் கோல். அவன் கற்றுக்கொள்ள அதில் ஒன்றுமில்லை, பயம்தான் மிஞ்சும். இரண்டு கம்புகளை 5 மீட்டர் இடைவெளியில் நட்டு, 2 மீட்டர் உயரத்தில் கயிறு கட்டினால் போதும். நம் ஊர் செம்மண் கிரவுண்டில் நின்றபடியே டைவ் அடிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். முதலில் உட்கார்ந்து, பிறகு முட்டிபோட்டு, பிறகு குந்தி, கடைசியில்தான் நின்று. விழும்போது தொடையின் வெளிப்பக்கம், இடுப்பு, தோள் என்று பக்கவாட்டில் விழ வேண்டும். முழங்கையை ஊன்றி விழுகிற பையனுக்கு இன்னும் நிற்கிற கட்டம் வரவில்லை என்று அர்த்தம்.

மானுவேல் நியூவர் கோலை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வெளியே வருகிறாரே, அதை நாங்கள் செய்தால் மட்டும் ஏன் கோல் விழுகிறது?
– கல்லூரி கோல்கீப்பர், ஆஸ்டின் டவுன்

முதலில் பெயர்: நியூவரும் இல்லை, டீக்கடை நாயரும் இல்லை, நோயர்.

1986இல் கெல்சன்கிர்ஷனில் பிறந்தவர். 5 வயது நிறைவதற்குள் உள்ளூர் ஷால்கே கிளப்பில் சேர்ந்தார், அந்த கிளப்போடு இணைந்து நடந்த பள்ளியிலேயே படித்தார். 2006 நவம்பரில், 20 வயதில், அனுபவசாலி ஃபிராங்க் ரோஸ்ட்டைப் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு முதல் கீப்பர் ஆனார். 2011இல் பேயர்னுக்குப் போனபோது அங்கே ரசிகர்களே 'நோயர் வேண்டாம்' என்று பதாகை பிடித்தார்கள். பிறகு 2 சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய தொடர்) கோப்பை, 2014 உலகக் கோப்பை, அந்தத் தொடரின் சிறந்த கீப்பருக்கான தங்கக் கையுறை.

நீங்கள் கேட்பதற்குப் பாடப்புத்தகம் 2014 ஜூன் 30, போர்ட்டோ அலெக்ரேயில் நடந்த அல்ஜீரியா ஆட்டம். ஜெர்மனியின் தடுப்பு வரிசை மேலேறி நின்றது, பின்னால் பெரிய காலி இடம். அல்ஜீரியா அந்த இடத்துக்கு நீளப் பந்துகளாகப் போட்டது. நோயர் பாக்ஸை (கோலி கையால் பந்தைத் தொடக்கூடிய பெனால்டி கட்டத்தை) விட்டு ஓடி வந்து ஒவ்வொன்றாகத் துடைத்தார், ஒன்றைத் தலையால்கூட. கூடுதல் நேரத்தில் 2-1 என்று ஜெர்மனி தப்பியது.

தைரியம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தைரியம் பாதிதான், மீதி அவர் ஓட்டத்தைத் தொடங்கிய இடம். பந்து எதிரணியின் பாதியில் இருக்கும்போதே அவர் பாக்ஸின் 16.5 மீட்டர் கோட்டருகே, சில சமயம் அதையும் தாண்டி நிற்பார். பந்து நெருங்க நெருங்கப் பின்வாங்குவார். நீங்கள் கோல் கோட்டில் நின்றுகொண்டு, ஸ்டிரைக்கர் ஓடத் தொடங்கியதும் கிளம்புகிறீர்கள். அங்கேயே 15 மீட்டர் கடன்.

இரண்டாவது, முடிவெடுக்கும் நேரம். ஸ்டிரைக்கரின் காலைப் பார்க்காதீர்கள்; பாஸ் கொடுப்பவனின் காலைப் பாருங்கள். அவன் தலையைத் தூக்கி, காலைப் பின்னால் இழுக்கும்போதே போவதா நிற்பதா என்று தீர்மானமாகிவிட வேண்டும். பாதி வழியில் மனம் மாறுவதுதான் கோலாகிறது, இல்லையென்றால் சிவப்பு அட்டையாகிறது. 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஆர்சனலின் ஜெர்மன் கீப்பர் யென்ஸ் லேமன் ஒரு கணம் பிந்தி வந்து, பாக்ஸுக்கு வெளியே பார்சலோனா ஸ்டிரைக்கர் எடோவைச் சாய்த்து, 18ஆவது நிமிடத்திலேயே வெளியேறினார். முந்திப் போக முடியாது என்று தெரிந்தால் நின்றுவிடுங்கள். கோணத்தை அடைத்துக்கொண்டு, அவன் அடிக்கும் நொடியில் இரண்டு காலும் தரையில் இருக்கும்படி அசையாமல் நில்லுங்கள். ஓடிக்கொண்டே இருப்பவனால் எந்தப் பக்கமும் பாய முடியாது.

பெட்டி மாதிரி வலை கட்டிய 5 பேர் டர்ஃபில் இதைப் பழக முடியாது, இடமே இல்லை. முழு கிரவுண்ட் வேண்டும். மழை விட்ட மறுநாள் பந்து குத்தி எழாமல் வழுக்கிக்கொண்டு வரும். அன்றைக்குத் தொடக்க இடத்தை 3, 4 மீட்டர் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆளே காலால் தரும் பேக் பாஸைக் கையால் தொடக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அவசரத்தில் கை போய்விடுகிறது.
– பள்ளி கோலி, விவேக் நகர்

உங்கள் வலி சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போயிருக்கிறது. 2018இல் மாட்ரிட்டில், இடைவேளை முடிந்த உடனே, பேயர்ன் கீப்பர் ஸ்வென் உல்ரைஷுக்கு சக ஆட்டக்காரர் டொலிஸோ ஒரு பேக் பாஸ் கொடுத்தார். உல்ரைஷ் கையை நீட்டி விழப்போனார், பாதியில் விதி ஞாபகம் வந்தது, கையை இழுத்தார், கால் எட்டவில்லை. ரியல் மாட்ரிட்டின் பென்சமா காலி கோலில் உருட்டிவிட்டார். ஆட்டம் 2-2, முதல் ஆட்டத்தையும் சேர்த்த கணக்கில் பேயர்ன் வெளியே.

நண்பர்கள் பந்து தரும்போது 'கால்' என்றும், எதிரி தொட்டு வரும்போது 'கை' என்றும் நீங்களே சத்தமாகச் சொல்லுங்கள். பயிற்சியில் இரண்டையும் கலந்து 20 பந்து போடச் சொல்லுங்கள். இன்னொன்று: பேக் பாஸ் வாங்க கோலுக்கு நேரே நிற்காதீர்கள், கம்பத்துக்கு வெளியே தள்ளி நில்லுங்கள். தவறினாலும் கார்னர்தான் போகும்.

2002 உலகக் கோப்பை இறுதியில் ஆலிவர் கான் ஏன் அந்தப் பந்தை விட்டார்? அவர் இந்தியாவில் ஆடியது உண்மையா?
– காக்ஸ் டவுன்

இறுதிக்கு முன்பு அந்தத் தொடர் முழுக்க அவர் விட்டது ஒரே ஒரு கோல். சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தை வென்ற ஒரே கோல்கீப்பர் இன்றுவரை அவர்தான். யோகோஹாமாவில் 67ஆவது நிமிடம் பிரேசிலின் ரிவால்டோ தாழ அடித்த பந்து மார்பில் பட்டு முன்னாலேயே விழுந்தது. ரொனால்டோ ஓடி வந்து முடித்தார். அந்த ஆட்டத்தில் கானுக்கு வலது மோதிர விரலில் தசைநார் காயம். அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

தாழ வரும் பந்துக்கு இரண்டு சுண்டுவிரல்களும் ஒட்டியபடி கைகளைக் கீழே விட்டு, பந்தை மார்புக்கு அள்ளி, அதன் மேலேயே முன்னால் கவிழ வேண்டும். அள்ள முடியாது என்று தோன்றினால் பக்கவாட்டில் தட்டுங்கள். முன்னால் விடுவது மட்டும் கூடாது, ஏனென்றால் நல்ல ஸ்டிரைக்கர் அடிக்கு முன்பே ஓடத் தொடங்கியிருப்பான்.

இந்தியா வந்தது உண்மை. 2008 மே 17இல் கடைசி லீக் ஆட்டம், 10 நாள் கழித்து கொல்கத்தா சால்ட் லேக்கில் மோகன் பகானுக்கு எதிராகக் கானின் பேயர்ன் 3-0. செப்டம்பரில் மியூனிக்கில் முறையான பிரியாவிடை ஆட்டம்.

கோல்கீப்பருக்கு 35 வயதுக்கு மேலும் வேலை உண்டு என்கிறார்களே, அப்படியென்றால் பையனைத் தைரியமாக விடலாமா?
– ஒரு அம்மா, அல்சூர்

ஆயுள் நீளம் என்பது சரி. நோயருக்கு 2022 டிசம்பரில் பனிச்சறுக்கில் கால் எலும்பு முறிந்தது. 2023 அக்டோபரில் 37 வயதில் திரும்பி வந்து ஆடினார். ஆனால் அதே நீளம் பின்னால் நிற்பவனுக்குத் தலைவலி, அம்மா. ஸ்டிரைக்கர் இடம் கிடைக்காவிட்டால் ஓரத்தில் ஆடுவான். கோலிக்கு இடம் ஒன்றே ஒன்று.

டெர் ஸ்டேகனைப் பாருங்கள். பார்சலோனாவில் பல வருஷம் முதல் கீப்பராக இருந்தவர், 2012இலேயே ஜெர்மனிக்கு ஆடியவர். நோயர் 2024 ஆகஸ்டில் 124 ஆட்டங்களோடு தேசிய அணியிலிருந்து விலகியபோதுதான் அவருக்கு வழி திறந்தது. அடுத்த மாதமே வலது முழங்காலில் தசைநார் அறுந்தது. நோயருக்கே 2010 உலகக் கோப்பைக் கதவு திறந்தது, முதல் கீப்பராக இருந்த ரெனே ஆட்லருக்கு விலா எலும்பில் அடிபட்டதால்தான். 2006இல் கானை உட்காரவைத்து லேமனை எடுத்தார்கள். காத்திருந்த லேமனுக்கு அப்போது 36 வயது.

ஆகவே பையனுக்கு டீம் தேடும்போது, அவனுக்கு முன்னால் யார் நிற்கிறார், அவருக்கு என்ன வயது என்று கேளுங்கள். பெரிய அகாடமியில் மூன்றாவது கோலியாக உட்கார்வதைவிடச் சின்ன டீமில் வாரம் ஒரு ஆட்டம் ஆடுவது மேல். பேயர்னுக்கு 2020இல் போன கீப்பர் நியூபெல்லைக்கூட மொனாக்கோவுக்கும் பிறகு ஷ்டுட்கார்ட்டுக்கும் கடனாக அனுப்பினார்கள். படிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

லேமன் காலுறையில் வைத்திருந்த துண்டுச்சீட்டில் என்ன இருந்தது?
– ஷிவாஜிநகர்

2006 உலகக் கோப்பைக் காலிறுதி, பெர்லின், அர்ஜென்டினாவுடன் 1-1, அதனால் பெனால்டி ஷூட்அவுட். கீப்பிங் கோச் ஆண்ட்ரியாஸ் கோப்கே ஹோட்டல் தாளில் பென்சிலால் 7 பெயர்களை எழுதி, யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்று குறித்திருந்தார். அடிக்க வந்த நால்வரில் இருவர் பெயர்தான் அதில் இருந்தது. அயாலாவின் பந்தைப் பிடித்தார். கடைசியாக வந்த காம்பியாசோவின் பெயர் அதில் இல்லவே இல்லை; ஆனாலும் லேமன் சீட்டை எடுத்து நிதானமாகப் படித்தார். காம்பியாசோ அடித்ததையும் தடுத்தார். அந்தச் சீட்டு நற்பணிக்காக 10 லட்சம் யூரோவுக்குப் போய், இப்போது பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வருஷம் முழுக்க அதே டீம்களோடு மோதும் உங்களுக்கும் ஒரு நோட்டு உதவும்: பெயர், அடித்த மூலை, ஓட்டத்தின் நீளம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பந்து 11 மீட்டரைக் கடக்க 0.4 விநாடிதான். அடித்த பிறகு யோசிக்க நேரமில்லை. ஊன்றும் கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். அடிக்கும் நொடியில் ஒரு காலின் பகுதியாவது கோட்டின் மேலோ, அதற்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும். முந்தி வந்து தடுத்தால் மறுபடி அடிக்கச் சொல்வார்கள்.

கோலியே பெனால்டி அடிக்கலாமா?
– லீக் டீம் கேப்டன், மர்ஃபி டவுன்

தாராளமாக. ஜெர்மன் கோலி ஹான்ஸ்-யோர்க் புட் பண்டஸ்லிகாவில் (ஜெர்மனியின் முதல் நிலை லீக்) 26 கோல் அடித்தார், அத்தனையும் பெனால்டி. யுவென்டஸுக்கு எதிராக 3 வெவ்வேறு கிளப்புகளுக்காக அடித்தவர். ஆனால் 2004 ஏப்ரலில், லெவர்கூசனுக்காக ஷால்கே மேல் அடித்துவிட்டு, நண்பர்களோடு கை தட்டிக்கொண்டே மெதுவாகத் திரும்பினார். ஷால்கேயின் ஹான்கே நடுவட்டத்திலிருந்தே காலி கோலில் அடித்துவிட்டார். நல்லவேளை, லெவர்கூசன் 3-2 என்று ஜெயித்தது.

எல்லோரும் தங்கள் பாதிக்கு வந்த பிறகுதான் கிக்-ஆஃப் எடுக்க முடியும். உங்கள் கோலி ஓடிப் போய்ச் சேரும்வரை ஒருவர் மட்டும் அந்தப் பாதியிலிருந்து நிதானமாக நடந்து வரட்டும். ரொம்பவும் இழுத்தால் ரெஃபரி மஞ்சள் அட்டை எடுப்பார்.