அடுத்தவருக்கு வந்த கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் மானிப்பாயில் இருக்கிறேன், ஆசிரியை. எங்கள் சபையில் வருடப் பிறப்பு நள்ளிரவு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம், அதில் ஒரு வேத வசனம் இருக்கும். போன வருடம் அம்மாவுக்கு வந்தது எரேமியா 29:11. ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்.’ தம்பி கனடா போகக் காத்திருந்த நேரம் அது. அம்மா அதையே கர்த்தருடைய பதிலாக எடுத்துக்கொண்டு அப்பாவின் காணியை விற்று ஏஜென்சிக்குக் கட்டினார். தம்பி பாதி வழியில் பிடிபட்டு, மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பப்பட்டான். காசு போனது போனதுதான். அவன் இப்போது அறையை விட்டு வெளியே வருவதில்லை. இனி நான் பைபிளைத் தொடமாட்டேன் என்று அம்மா சொல்லும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. போதகரைக் கேட்டால் உங்களுக்கு விசுவாசம் போதாது என்கிறார்.

வசனம் பொய்த்துவிட்டதா? புதிய மொழிபெயர்ப்பை வாசித்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காதா? வேதத்தைச் சரியாக விளங்க எபிரெயு படிக்கத்தான் வேண்டுமா? பிலிப்பியர் 4:13ஐயும் இதேபோலத்தான் பார்க்க வேண்டுமா?

ச.

அன்புள்ள ச.,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். எபிரெயு வேண்டாம். பிலிப்பியர் 4:13, ‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்ற வசனம், எத்தனையோ ஓட்டோக்களின் பின்கண்ணாடியில் ஓடித் திரிகிறது. அதற்கு முந்திய வசனத்தைப் பாருங்கள், சாப்பாடு இருந்தாலும் இருப்பேன், பட்டினி கிடந்தாலும் இருப்பேன் என்று காவலில் இருக்கும் ஒரு மனிதர், பவுல், சொல்கிறார். விஷயம் அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பை மாற்றவும் தேவையில்லை. உங்கள் பழைய மொழிபெயர்ப்பையே எடுங்கள். அதில் கர்த்தர் ஒரு தனி ஆளோடு பேசினால் ‘நீ’ என்பார். மோசேக்கும் நீ, தாவீது ராஜாவுக்கும் நீ. எங்கள் யாழ்ப்பாணத்து ‘நீர்’, ‘நீங்கள்’ மரியாதையெல்லாம் அவரிடம் செல்லாது. அப்படிப்பட்டவர் ‘உங்கள்பேரில்’ என்கிறார் என்றால் எதிரே ஒரு சனக்கூட்டம் நிற்கிறது என்று அர்த்தம். உங்கள் அம்மா அந்த அட்டையில் மரியாதையை வாசித்திருக்கிறார். அங்கே இருந்தது பன்மை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘இனி நான் பைபிளைத் தொடமாட்டேன்.’ அதை மட்டும் வெட்டி ஓர் அட்டையில் ஒட்டி, கீழே உங்கள் பெயரைப் போட்டு உங்கள் சபை வாசலில் தொங்கவிட்டால் எப்படி இருக்கும்? ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. அது நீங்கள் எழுதியதுதான், ஆனால் சொன்னது நீங்கள் இல்லை. எரேமியாவுக்கு நாங்கள் செய்வது இதுதான், வருடா வருடம், பாட்டும் படித்து.

எரேமியா 29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கிறிஸ்துவுக்கு முன் 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். ஊரில் மிஞ்சியிருந்த எரேமியா, பாபிலோனுக்குப் போன அரச தூதர் இருவர் கையில் கொடுத்து அனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டு வருடத்தில் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று சொன்னவன். எரேமியா அதற்கு முதலில் என்ன சொன்னார் தெரியுமா? ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் கடிதத்தில் எழுதியது வேறு. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்துக்கொண்டு போன அந்தப் பட்டணத்துக்காகவே வேண்டிக்கொள்ளுங்கள், அதற்குச் சமாதானம் இருந்தால்தான் உங்களுக்கும் சமாதானம் என்று எழுதினார். பிறகு பத்தாம் வசனம்: எழுபது வருடம்.

அதற்குப் பிறகுதான் பதினொன்று வருகிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய நாற்பது வயதுக்காரனுக்கு அதன் பொருள், நீ இங்கேதான் சாவாய், உன் பேரப்பிள்ளை ஊருக்குப் போவான் என்பது. அதுவும் நல்ல செய்திதான். ஆனால் அந்த அட்டை பிளேன் டிக்கெட் இல்லை.

அந்தக் கடிதத்துக்கும் ஒரு வாசகர் கடிதம் வந்தது. செமாயா என்பவர் பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு எழுதினார், இந்தப் பைத்தியக்காரனைப் பிடித்துத் தொழுமரத்தில் மாட்டாமல் ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று. உங்கள் கடிதம் அதைவிட மரியாதையானது.

இனி நான் சொல்லப்போவது உங்கள் கேள்விக்குப் பதிலா என்று எனக்கே தெரியவில்லை. எரேமியா 29 என்று கண்டவுடன் எனக்குத் தென்மராட்சியில் இருக்கும் மட்டுவில்தான் ஞாபகம் வரும்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரும் அதைச் சுற்றிய ஊர்களுமான வலிகாமம் முழுக்க மழைக்குள் வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்தில் கால் வைக்க இடமில்லை. சைக்கிளில் பாயும் பானையும் பைபிளும் கட்டிக்கொண்டு, நடந்து நடந்து, மட்டுவிலில் முன்பின் தெரியாத ஒரு வீட்டு விறாந்தையில் போய் ஒதுங்கினோம். எனக்கு அப்போது பதினேழு வயது. முதல் ஞாயிறு ஒரு மாமரத்தடியில் ஜெபக்கூட்டம். பேச வந்தவர் இதே பதினோராம் வசனத்தை எடுத்தார். இரண்டு கிழமை, கூடினால் ஒரு மாதம், கர்த்தர் நாங்கள் எதிர்பார்த்த முடிவைத் தருவார் என்றார். சனம் அழுதது. நானும் அழுதேன்.

அப்பா தமிழ் வாத்தியார். கூட்டம் முடிந்து வந்து விறாந்தையில் குந்தியிருந்து அந்த அதிகாரத்தை முதலில் இருந்து வாசித்தார். அடுத்த நாள் வீட்டுக்காரரிடம் கேட்டு, கிணற்றடியில் ஒரு துண்டு நிலத்தைக் கொத்தி கத்தரி நாற்று நட்டார். மட்டுவில் கத்தரிக்காய்க்குப் பேர்போன இடம், நாற்றுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

“உங்களுக்கென்ன விசரே? இஞ்சையே இருக்கப்போறம்?”

“எரேமியா நடச் சொல்லியிருக்கிறார்.”

“அது யூதருக்குச் சொன்னது!”

“ஓம். எங்களுக்கு எழுதின கடிதமில்லை. எங்களைப் போல ஆக்களுக்கு எழுதினது.”

ஒன்றைக் கவனியுங்கள், சண்டையில் அம்மா சொன்னதும் சரி. எழுபது வருடம் என்ற கணக்கை அப்பா எங்களுக்கு எடுக்கவில்லை. நேபுகாத்நேச்சார் யார், செமாயா யார் என்று ஊருக்குள் ஆள் தேடவுமில்லை. வேறொருவருடைய கடிதத்தை முழுக்க வாசித்துவிட்டு, திரும்பிப்போகும் நாளை எண்ணிக்கொண்டிருக்காதே என்ற ஒன்றை மட்டும் எடுத்தார். தை கடைசியில் காய்க்கத் தொடங்கியது. அம்மாதான் பிடுங்கிப் பால்கறி வைத்தார், ஒன்றும் பேசாமல். ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்குள் வர, நாங்கள் வந்த வழியே திரும்பிப் போனோம். மாமரத்தடியில் சொன்ன இரண்டு கிழமையும் இல்லை, எழுபது வருடமும் இல்லை.

அப்பா அந்த விறாந்தையில் இன்னொன்றும் சொன்னார். அதை நான் அப்போது விளங்கிக்கொள்ளவில்லை. “இண்டைக்கு எங்களை இஸ்ரவேல் எண்டு சொல்லி அழுகினம். ஐஞ்சு வருசத்துக்கு முதல் சோனகத் தெருச் சனத்தை அனுப்பேக்க நாங்கள் ஆர்?” 1990 ஒக்டோபர் 30. அதே திகதி. விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்ன நாள். சிறையிருப்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்தத் திகதியை ஒருவரும் வாயில் எடுத்ததில்லை. வேதத்தில் எந்தக் கதையை எடுத்தாலும் நாங்கள்தான் இஸ்ரவேல், நாங்கள்தான் தாவீது. பாபிலோன்காரனாக ஒருமுறையாவது வாசித்துப் பார்க்க எங்களுக்கு மனம் வருவதில்லை. சந்தர்ப்பம் பார்த்து வாசி என்று சொல்பவர்கள் இந்தச் சந்தர்ப்பத்தையும் பார்க்கட்டும்.

கோபம் வந்துவிட்டது. சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

நீங்கள் ஆசிரியை. வினாத்தாளில் ஒரு பந்தியைத் தந்து, பிள்ளை அதை வாசிக்காமல் விடை எழுதினால் சும்மா விடுவீர்களா? அம்மா காணியை விற்கப் போன நாளில் நீங்கள் அந்த அதிகாரத்தைத் திறந்து பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை, பிள்ளை. காணி உறுதியை எழுதும்போது வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நாலு எல்லையையும் விரல் வைத்து வாசிக்கிற சனம் நாங்கள். ஓரடி வேலிக்கு இருபது வருடம் வழக்காடுவோம். அந்தக் காணியையே விற்க வைத்த வசனத்துக்கு எல்லை எங்கே என்று ஒருவரும் பார்க்கவில்லை. வசன இலக்கங்களும் ஒரு காரணம்தான். எரேமியா இலக்கம் போட்டு எழுதவில்லை. அதிகாரங்களைப் பிரித்தது 13ஆம் நூற்றாண்டில். புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன இலக்கங்களைப் போட்டவர் ரொபேர் எத்தியேன் என்ற அச்சுக்காரர், 1551இல். தேடி எடுக்க வசதிக்காகப் போட்டது, வெட்டி எடுக்க வசதியாகிவிட்டது.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா என்கிறார். அதுவும் வேத வசனம்தான். அதை எந்த வாக்குத்தத்தப் பெட்டியிலும் நான் கண்டதில்லை, மேலங்கி தேடி ஒருவரும் துரோவாவுக்குப் புறப்பட்டதுமில்லை. அது வேறொருவருக்கு எழுதிய கடிதம் என்று அங்கே மட்டும் எல்லோருக்கும் நன்றாக விளங்குகிறது.

மொழிபெயர்ப்பைப் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் பைபிளைக் கவனமாக வாசித்த ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் ஆறுமுக நாவலரைத்தான் சொல்வேன். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து அதைத் தமிழாக்க உழைத்தவர். பிறகு 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதினார். கோயில் கிரியைகளைப் பழித்த மிஷனரிகளுக்கு, அவர்களுடைய பழைய ஏற்பாட்டிலிருந்தே பலியையும் தூபத்தையும் விளக்கையும் எடுத்துக் காட்டினார். அவர் முடிவோடு நான் உடன்படவில்லை, நான் சபைக்காரன். ஆனால் எங்கள் சபைகளில் தூங்கிக்கொண்டே கடக்கிற லேவியராகமத்தை முழித்திருந்து வாசித்தவர் ஒரு சைவர்.

விசுவாசம் போதாது என்று சொன்ன போதகரிடம் ஒன்று கேளுங்கள். அனனியாவுக்கு விசுவாசம் குறைவா? பாபிலோனுக்கு அடங்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி, எல்லோருக்கும் முன்னால் உடைக்கிற அளவு விசுவாசம் அவனுக்கு இருந்தது. அந்த வருடமே செத்துப்போனான்.

அம்மாவோடு வாதாடாதீர்கள். காணியை இழந்தவருக்கு இலக்கணம் படிப்பிக்கப் போகவேண்டாம். நாலு, ஐந்து நாள் கழித்து, அந்த அட்டையின் வெறுமையான பின்பக்கத்தில் ஐந்தாம் வசனத்திலிருந்து பத்தாம் வசனம் வரை எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். இடம் போதாது. கொப்பி ஒன்று கொடுங்கள்.

தம்பி இப்போது இருக்கும் நிலையைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நானும் இவ்வளவு எழுதிவிட்டு அதை விட்டுவிடப் பார்த்தேன். என் தொலைபேசி இலக்கத்தை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அவனிடம் கொடுங்கள். வேதம் ஒன்றும் கதைக்கமாட்டேன் என்று சொல்லுங்கள்.