“கோபுர நிழல் தரையில் விழாதாமே சார்?” – டெல்டாவிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

முப்பத்திரண்டு வருடம் தஞ்சை, திருவாரூர் பக்கத்து அரசுப் பள்ளிகளில் இயற்பியல் நடத்திவிட்டு ஓய்வில் இருக்கிறேன். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளை ஒட்டி, “நம் ஊர் மக்களுக்கு அறிவியல் எந்த அளவில் பிடிபட்டிருக்கிறது” என்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னேன். பாதி சந்தேகமாக வந்தது, பாதி சண்டையாக வந்தது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

தஞ்சாவூர், கல்லூரி மாணவி: சார், எல்லாரும் பத்தாவது வரை அறிவியல் படிக்கிறோம். ஆனாலும் வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் நம்பிவிடுகிறோமே, ஏன்?

படித்ததெல்லாம் பதில்கள்தானே அம்மா. அந்தப் பதிலை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று வகுப்பில் யாரும் சொல்வதில்லை. நானும் பல வருடம் சொல்லாமல்தான் காலத்தை ஓட்டினேன்.

அமெரிக்காவில் 2012இல் ஒரு கணக்கெடுப்பு. பூமி சூரியனைச் சுற்றுகிறதா, சூரியன் பூமியைச் சுற்றுகிறதா என்று கேட்டதற்கு ஏறக்குறைய நாலில் ஒருவர் தப்பாகச் சொன்னார்கள். நம் ஆட்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஒருமுறை பத்தாம் வகுப்பில் இதே கேள்வியைக் கேட்டேன். அத்தனை பேரும் சரியாகச் சொன்னார்கள். “சரி, பூமிதான் சுற்றுகிறது என்று எப்படித் தெரியும்?” என்றேன். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “புக்குல போட்டிருக்கு சார்” என்றான்.

அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்னிக்கஸின் புத்தகம் வந்தது 1543இல். பூமி சுற்றினால் பக்கத்து நட்சத்திரங்கள் ஆறு மாத இடைவெளியில் துளி இடம் மாறித் தெரிய வேண்டும். அந்தத் துளியை ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல் அளந்து காட்டியது 1838இல். நடுவில் கிட்டத்தட்ட முந்நூறு வருடம் பெரிய பெரிய ஆட்களே தேடித் திண்டாடியிருக்கிறார்கள். அந்தக் கதையை நான் சொல்லவில்லை. “புக்குல போட்டிருக்கு” என்று கற்றுக்கொண்ட பையன் இன்று போனில் போட்டிருப்பதையும் அதே மாதிரி ஏற்றுக்கொள்கிறான்.

அய்யம்பேட்டை, சுற்றுலா வேன் ஓட்டுநர்: பெரிய கோயில் கோபுர நிழல் தரையில் விழாது என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். விழும் என்றால் சண்டைக்கு வருகிறார்கள். எது சரி?

நிழல் நன்றாகவே விழும். வாதாட வேண்டாம், காலை எட்டரை மணிக்குக் கூட்டிக்கொண்டு போய் விமானத்தின் (கருவறைக்கு மேலே நிற்கும் அந்தப் பெரிய கோபுரத்தின்) பின்பக்கம், மேற்குப் பிராகாரத்தில் விடுங்கள். வெறுங்காலோடு நடக்கிற இடம் அல்லவா, வெயில் ஏற ஏற ஜனங்கள் தானாகவே அந்த நிழலில் ஒதுங்குவார்கள். அங்கே நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, “இந்தக் கோபுரத்து நிழல் கீழ விழாது தெரியுமா” என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு அப்பாவை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தை கீழே குனிந்து பார்த்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தது. ஒன்றும் சொல்லவில்லை.

கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்கலாம். தஞ்சாவூரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நேரத்தில், மேலே போகப் போகக் குறுகும் எந்தக் கட்டடத்தின் நிழலும் அதன் மேலேயே விழுந்துவிடும். உங்கள் வீட்டு எதிரே நிற்கிற மின்கம்பத்துக்கும் அன்றைக்கு நிழல் இருக்காது. மார்கழியில் நண்பகலுக்குப் போய் வடக்குப் பக்கம் நின்று பாருங்கள், நிழல் அடித்தளத்தைத் தாண்டித் தரையில் கிடக்கும். 1010இல் கருங்கல்லில் ஏறத்தாழ 216 அடி எழுப்பியிருக்கிறார்கள். அந்த வேலையைப் பேசவே ஒரு நாள் போதாது, இதில் இல்லாத அதிசயம் எதற்கு?

குடவாசல், இல்லத்தரசி: கிரகணத்தன்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை வைத்தால் நிற்கிறது. நானே பார்த்தேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நானும் பார்த்தேன் அம்மா. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் நின்றது. நின்றது உண்மை. கிரகணத்தால்தான் நின்றதா என்பதுதான் கேள்வி. அதற்கு வேறொரு நாளிலும் நிறுத்திப் பார்க்க வேண்டும், அதை யாருமே செய்வதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே உலக்கை, அதே தாம்பாளம், அதே திண்ணை. அடியில் தட்டையான இரும்புப் பூண் இருக்கிறது, எடையும் நேராக இறங்குகிறது. இரண்டு முறை சாய்ந்தது, மூன்றாவது முறை நின்றுவிட்டது. தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் தாம்பாளத்தில் வைத்தேன், அப்போதும் நின்றது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, “கிரகணத்தோட மிச்சம் இன்னும் இருக்கு போல” என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் நான் தோற்றேன்.

வலங்கைமான், விவசாயி: கனமழை என்று ரேடியோவில் சொன்னார்கள். உரம் போடாமல் நிறுத்தினேன். ஒரு சொட்டு இல்லை. இதை அறிவியல் என்று எப்படி நம்புவது?

கோபம் நியாயம். ஆனால் அறிக்கையில் இருந்த சொல் என்ன என்று பாருங்கள். “ஓரிரு இடங்களில்” என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை. “ஒரு சில இடங்களில்” என்றால் 26 முதல் 50. “பல இடங்களில்” என்றால் 51 முதல் 75. “பெரும்பாலான இடங்களில்” என்றால் அதற்கும் மேலே. கனமழைக்கும் அளவு உண்டு, 24 மணி நேரத்தில் சுமார் 6.5 முதல் 11.5 சென்டிமீட்டர். ஆக, “ஓரிரு இடங்களில் கனமழை” என்று சொன்ன நாளில் வலங்கைமான் காய்ந்து கிடந்து, முத்துப்பேட்டையில் கொட்டித் தீர்த்திருந்தால் அறிக்கை தப்பில்லை. இந்தச் சொற்களுக்கு இப்படிக் கணக்கு இருக்கிறது என்று மக்களுக்குச் சொல்லாதது சொல்கிறவர்களின் குறைதான், அதை நான் மறுக்க மாட்டேன்.

ஒன்று செய்யுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை தினசரி காலண்டரின் ஓரத்தில் அறிக்கை சொன்னதையும் உங்கள் வயலில் பெய்ததையும் எழுதுங்கள். பஞ்சாங்கம் சொன்னதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பொய்த்த அறிக்கையும் பலித்த பஞ்சாங்கமும்தான் நமக்கு ஞாபகத்தில் நிற்கும். எழுதி வைத்தால் அந்த விளையாட்டு நடக்காது.

மன்னார்குடி, உரக்கடை ஊழியர்: படிக்காத விவசாயிகளிடம் அறிவியல் பேசி என்ன சார் பிரயோஜனம்?

தம்பி, நீங்கள் பிறப்பதற்கு முன்பே அவர்கள் விதைநெல்லைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வாளித் தண்ணீரில் ஒரு நல்ல முட்டையைப் போட்டு, அது மிதந்து மேலே நாலணாக் காசு அளவு தெரிகிற வரை உப்பைக் கரைப்பார்கள். முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டுவார்கள். பதர் மிதக்கும், கனத்த விதை அடியில் தங்கும். அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி விதைப்பார்கள். அடர்த்தி என்ற சொல்லை ஒருவரும் சொல்லாமலே அடர்த்தியை அளந்தாயிற்று.

அதே ஆள் யூரியா என்று வந்தால் மட்டும் பயிர் கருகருவென்று இருந்தால்தான் திருப்தி என்பார். அடுத்த வயல்காரர் ஒரு மூட்டை போட்டால் இவர் ஒன்றரை. தழைச்சத்து மிஞ்சினால் புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் விருந்துக்கு வரும். இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது, இலையை அதன் பச்சைக் கட்டங்களோடு ஒப்பிட்டு, வெளிறினால் மட்டும் போடலாம். நம்பிக்கை வராதவர்கள் ஒரே ஒரு மா நிலத்தில் அட்டைப்படி போட்டு, மீதியில் வழக்கப்படி போட்டு, அறுப்பில் இரண்டையும் தனித்தனியாகத் தூற்றி எடை போடட்டும். 33 சென்ட்தான், குடி முழுகிவிடாது. விதையில் செய்து பார்க்கிற மனுஷன் உரத்தில் ஏன் செய்வதில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை. இத்தனைக்கும் கடையில் நின்றுகொண்டு “இன்னொரு மூட்டை எடுத்துக்கங்க” என்று சொல்கிறவர் யார் தம்பி?

திருத்துறைப்பூண்டி, செவிலியர்: பாம்பு கடித்தவர்களை முதலில் மந்திரிக்கக் கொண்டு போகிறார்கள். “அவர் கைபட்டு எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள்” என்கிறார்கள். எப்படிப் பேசுவது?

பிழைத்திருப்பார்கள், பொய்யில்லை. நம் வயலில் கடிப்பதில் நிறைய சாரையும் தண்ணீர்ப் பாம்பும்தான், அவற்றுக்கு விஷமே கிடையாது. நல்ல பாம்பும் விரியனும்கூடச் சில சமயம் விஷம் இறக்காமல் கடிக்கும். அவர்கள் எல்லாம் மந்திரிக்காமல் வீட்டில் படுத்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள். மந்திரித்தும் செத்தவரைப் பற்றிக் கேட்டால் “விதி” என்பார்கள். அந்தக் கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கம் மட்டும்தான் உண்டு.

மந்திரிப்பவரைத் திட்டினால் குடும்பம் உங்கள் பேச்சைக் கேட்காது. “ஊசி போட்டுக்கொண்டே அவரையும் வரச் சொல்லுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். முக்கியமாகக் கட்டுவிரியனைப் பற்றிச் சொல்லுங்கள். ராத்திரி தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். வலியும் தடமும் பெரிதாக இருக்காது. பிறகு கண்ணிமை சரியும், மூச்சு நிற்கும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கிறது. கட்டுப்போட வேண்டாம், கீற வேண்டாம், காலை அசைக்காமல் உடனே கொண்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

கும்பகோணம், பள்ளி மாணவன்: ராமானுஜன் எங்கள் ஊரில் படித்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் எங்கள் ஊரில் பிறந்தார். சி.வி.ராமன் திருவானைக்காவல். நமக்கு அறிவியல் ரத்தத்திலேயே இருக்கிறதா?

இல்லை தம்பி. ரத்தத்தில் இருப்பது ஹீமோகுளோபின்.

நாகப்பட்டினம், மீனவர்: டிசம்பர் வந்தால் “இந்தத் தேதியில் சுனாமி” என்று செய்தி வருகிறது. பெண்கள் பயந்துபோகிறார்கள்.

தேதி போட்டு வருகிற எந்தச் செய்தியையும் அழித்துவிடலாம். எந்த நாளில் நிலநடுக்கம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல உலகில் இன்றுவரை யாராலும் முடியவில்லை. நிலம் அதிர்ந்த பிறகு, அலை வருமா என்று சொல்ல முடியும். 2004இல் சுமத்ராவில் அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணி வாக்கில். அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு தகவலும் வரவில்லை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது ஹைதராபாத்தில் 2007 முதல் எச்சரிக்கை மையம் இருக்கிறது. அங்கிருந்து மாவட்ட நிர்வாகம் வழியாக வருகிற தகவலுக்கு மட்டும் ஓடுங்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: இவ்வளவு பேசுகிறீர்களே, கோயிலுக்குப் போவீர்களா?

போவேன். மேற்குப் பிராகாரத்தில் உட்காருவேன், நிழல் நன்றாக இருக்கும்.

பாபநாசம், ஒரு அம்மா: மகள் ஏழாவது படிக்கிறாள். கிட் எல்லாம் வாங்க வசதியில்லை. வீட்டில் என்ன செய்ய வைக்கலாம்?

டிவியில் தினமும் “மேட்டூரிலிருந்து இத்தனை கன அடி திறப்பு” என்று சொல்கிறார்களே, அதை அவளே அளக்கட்டும். கன அடி என்பது ஒரு நொடிக்கான கணக்கு. 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் அது 1 டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி.

நீங்களும் கூடப் போங்கள், முழங்கால் ஆழத்துக்கு மேல் இல்லாத வாய்க்காலாகப் பாருங்கள். கரையில் 30 அடி அளந்து இரண்டு குச்சி நடுங்கள். மேல் குச்சிக்குச் சற்று முன்னாலேயே ஒரு பூவரச இலையை நடுவில் விட்டு, அது இரண்டு குச்சிக்கும் இடையே மிதக்கும் நேரத்தை நொடியில் எண்ணுங்கள். 20 நொடி என்று வைத்துக்கொள்வோம், வேகம் நொடிக்கு ஒன்றரை அடி. வாய்க்கால் அகலம் 6 அடி, ஆழம் ஒன்றரை அடி என்றால் மூன்றையும் பெருக்க 13.5 வரும். மேல்தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாக ஓடும், அதனால் 0.85ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 11.5 கன அடி. ஒரு தடவை போதாது, ஐந்து தடவை இலை விட்டுச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு இலை கரையோரப் புல்லில் மாட்டிக்கொண்டால் அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று அவளே கேட்பாள். நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள், அவளே யோசிக்கட்டும். தண்ணீர் வந்ததும் அளந்து எனக்கு அனுப்புங்கள்.