ஆக்ஸிஜன் சென்சார் மந்தமா? மாத்துறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க: கேள்வி பதில்

கேள்வி (ஈரோடு): செக் என்ஜின் லைட் எரியுது அண்ணா. ஸ்கேனர்ல பி0133. சென்சாரை மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார். மாத்திடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்க தம்பி. புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னாடி இருந்து, புகையில எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்குன்னு பார்க்கிற சென்சார் மெதுவா பதில் சொல்லுதுன்னுதான் அந்த கோடுக்கு அர்த்தம். ஏன் மெதுவா சொல்லுதுன்னு கோடு சொல்லாது. பல நேரம் பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

முதல்ல எக்ஸாஸ்ட் லீக் பாருங்க. காலையில என்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (என்ஜின்ல இருந்து புகையை வாங்கிற குழாய்) பக்கம் காதைக் கொடுங்க. 'டிக் டிக்'னு சத்தம் வந்து, சூடானதும் குறைஞ்சா கேஸ்கெட்டையோ விரிசலையோ சந்தேகப்படுங்க. அந்த இடத்துல பெரும்பாலும் கரி படிஞ்சிருக்கும். புகை வெளியே போற அதே ஓட்டை வழியா வெளிக்காத்தும் உள்ளே வரும். அதுல இருக்கிற ஆக்ஸிஜன் சென்சாரைக் குழப்பிடும்.

கேள்வி (மதுரை): புளூடூத் அடாப்டர் வெச்சு போன்லயே கண்டுபிடிக்க முடியுமா சார்?

பதில்: ஓரளவுக்கு. ஆப்ல மத்த ரீடிங் எல்லாத்தையும் நீக்கிட்டு அந்த சென்சாரை மட்டும் வைங்க, இல்லைன்னா கிராஃப் படிக்கட்டு மாதிரி வரும். என்ஜினை நல்லா சூடாக்கி 2500 ஆர்பிஎம்ல பிடிங்க. ஜிர்கோனியா (வோல்ட்டேஜ் ஏறி இறங்குற சாதா வகை) சென்சார்னா 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல நிக்காம ஏறி இறங்கணும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டுனு அமுக்கினா 0.9 கிட்டப் போகணும். ஓட்டத்துல கியர்லயே வெச்சுக்கிட்டு ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா பெட்ரோல் கட் ஆகி பூஜ்யத்துக்குப் பக்கம் விழணும். இதெல்லாம் சுறுசுறுப்பா நடந்தா சென்சார் மேல சந்தேகம் குறையும். லீக், ஃபியூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற அளவு) பக்கம் திரும்புங்க.

ஆனா நல்ல சென்சார் லீன்ல (பெட்ரோல் கம்மி) இருந்து ரிச்சுக்கு (பெட்ரோல் அதிகம்) மாற சுமார் 100 மில்லிசெகண்ட்தான் எடுக்கும். அதைப் போன்ல அளக்க முடியாது. சிக்னல் வயர்ல ஆசிலோஸ்கோப் (வோல்ட்டேஜ் மாறுறதை வேகமா வரைஞ்சு காட்டுற கருவி) போட்டுப் பார்க்கிற ஆளைத் தேடிப் பிடிங்க.

கேள்வி (தாம்பரம்): என் கார்ல ரீடிங் அசையவே மாட்டேங்குது.

பதில்: முன் சென்சார் வைட்பேண்ட் (காத்து-பெட்ரோல் விகிதத்தையே அளக்கிற) வகையா இருக்கலாம் மேடம். அதுல லாம்ப்டா 1 (காத்தும் பெட்ரோலும் சரியான அளவு) பக்கத்துல நிலையா நிக்கிறதுதான் சரி. இல்லைன்னா கன்வெர்ட்டருக்குப் பின்னாடி இருக்கிறதைப் பார்க்கிறீங்க. அது அதிகம் ஆடாம இருந்தா நல்லது.

கேள்வி (கரூர்): புதுசு போட்டு ஒரு வருஷம்கூட ஆகலை, திரும்ப அதே கோடு. டூப்ளிகேட்டா?

பதில்: இருக்கலாம். ஆனா கழட்டி முனையைப் பாருங்க. வெள்ளைப் பவுடர் மாதிரி படிஞ்சிருந்தா சிலிகான் விஷம். சமீபத்துல வால்வ் கவரோ ஆயில் சம்ப்போ திறந்து, கிடைச்ச சிலிகான் பேஸ்டை அப்பினாங்களான்னு கேளுங்க. அந்த ஆவி பிசிவி (என்ஜின் ஆவியைத் திரும்ப உள்ளே இழுக்கிற வழி) வழியா என்ஜினுக்குள்ள போய் எரிஞ்சு, சென்சார் மேல கண்ணாடிப் படலமா உட்காரும். 'சென்சார் சேஃப்'னு போட்டிருக்கிற பேஸ்ட்தான் வாங்கணும். ஹெட் கேஸ்கெட் போய் கூலன்ட் எரிஞ்சாலும் சென்சார் கெடும். வண்டி ஆயில் குடிச்சா அதுல இருக்கிற பாஸ்பரஸ் கெடுக்கும். வெறும் கருப்புக் கரின்னா மிக்சர் ரிச்சா ஓடுது. மூலத்தைச் சரி பண்ணாம எத்தனை சென்சார் போட்டாலும் காசுதான் கரியாகும்.

கேள்வி (நாகர்கோவில்): பெட்ரோல்ல ஊற வெச்சுக் கழுவினா சரியாகுமா?

பதில்: ஆகாது. கம்பி பிரஷ்ஷும் வேண்டாம்.

கேள்வி (திருச்சி): சென்சாருக்குள்ள இருக்கிற ஹீட்டர் போச்சுன்னா எப்படித் தெரியும்? நானே மாத்தலாமா?

பதில்: சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல சூடானாத்தான் ஒழுங்கா வேலை செய்யும். ஹீட்டர் வீக்கானா ஐடிலிங்ல மந்தமாகும். கனெக்டரைக் கழட்டி, ஒரே நிறத்துல இருக்கிற ரெண்டு வயருக்கு நடுவுல ஓம் பாருங்க. போஷ்ல அது வெள்ளை, டென்சோவுல பெரும்பாலும் கருப்பு. ரீடிங்கே வரலைன்னா ஹீட்டர் அறுந்திருக்கு.

மாத்துறதா இருந்தா வயர் நுழைய பக்கத்துல வெட்டு விட்ட 22 எம்எம் சாக்கெட் வேணும். கனெக்டருக்குள்ள கிரீஸோ ஸ்ப்ரேயோ அடிக்காதீங்க. நிறைய சென்சாருக்கு, புகையோட ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காத்து வயர் வழியாத்தான் போகுது. வயரை சால்டர் பண்ணக் கூடாதுங்கிறதும் அதனாலதான். புதுசுல பெரும்பாலும் த்ரெட்ல இறுகிப் போகாம இருக்கிற பேஸ்ட் தடவியே வரும், அது முனையில படாம மாட்டுங்க.