கணவரின் முழங்கைத் தேமல்: தொழுநோயா?

ஒட்டுசுட்டானில் இருந்து எழுதிய தங்கச்சிக்கு,

முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல், அரிப்பில்லை, பூசுமருந்துக்கும் மாறவில்லை என்கிறீர்கள். அவர் கண்ணை மூடியிருக்க, பஞ்சு நுனியால் தேமலிலும் பக்கத்துத் தோலிலும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். தேமலில் தொடுவது தெரியாவிட்டால் தொழுநோய்ச் சந்தேகம் வலுவானது. தெரிந்தாலும் போய்க் காட்டுங்கள், முடிவு சொல்ல வேண்டியது தோல் வைத்தியர். நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார், தேவையானால் தோலில் சிறு கீறலிட்டுச் சோதிப்பார். கிளிநொச்சி, வவுனியா பெரியாஸ்பத்திரிகளில் விசாரியுங்கள், மருந்து இலவசம்.

தொழுநோய்தான் என்றால் கூட்டு மருந்துக் குளிசைகள், தேமல் ஐந்துக்குள் என்றால் பொதுவாக 6 மாதம், கூடினாலோ கிருமி தெரிந்தாலோ 12 மாதம். அதில் ஒன்றான ரிஃபாம்பிசின் போட்டதும் சிறுநீர் சிவக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடித்தால் உடனே ஓடுங்கள். இடையில் தேமல் சிவந்து வீங்கினாலோ நரம்பு வலித்தாலோ குளிசையை நீங்களாக நிறுத்தாமல் அன்றே காட்டுங்கள், கை விரல் மடங்கிப்போவது பெரும்பாலும் அப்போது பிந்துவதால்தான்.

மாமி தட்டைப் பிரித்து வைக்கிறாரா? மட்டக்களப்பு மாந்தீவுத் தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு ஆட்களை அனுப்பிய காலத்துப் பயம் அது, அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். மருந்து தொடங்கினால் மற்றவருக்குத் தொற்றாது, ஒரே தட்டில் சாப்பிடலாம். ஆனால் மாமி, பிள்ளைகள் எல்லாரையும் ஒருமுறை தோல் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.

பாதமும் மரத்திருந்தால் வயலுக்கு வெறுங்காலோடு விடாதீர்கள்.